செங்கல் பிடித்த கைகள்

மிசிசிப்பி மாநிலத்தில் க்ராஃபர்டு என்றொரு சிற்றூர். அங்கே ஜோ நேதன் ரைஸ் கொத்தனார். பிள்ளைகள் எட்டுப் பேர். கோடை விடுமுறை வந்தால் மகன்களுக்கு அப்பாவோடு கட்டட வேலை. சாரத்தின் மேல் ஜெர்ரி நிற்பான். கீழேயிருந்து சகோதரர்கள் செங்கல்லை வீசுவார்கள். சில சமயம் ஒரே வீச்சில் நாலு கல். காற்றில் ஏறும்போதே அவை ஆளுக்கொரு திசையில் பிரியும். அத்தனையையும் அள்ளிப் பிடித்தாக வேண்டும். வைட் ரிசீவர் ஜெர்ரி ரைஸின் கைகள் பழகியது இப்படித்தான்.

அமெரிக்கக் கால்பந்தில் காலுக்கு இருப்பதைவிடக் கைக்குத்தான் வேலை அதிகம். குவார்ட்டர்பேக் பின்னால் நின்று பந்தை எறிவார். ஓரத்திலிருந்து புறப்பட்டு, காவலுக்கு நிற்பவனை ஏமாற்றி, பந்து வந்து இறங்கும் இடத்தில் சரியாகப் போய் நிற்க வேண்டியவர் வைட் ரிசீவர். பிடித்தால் கைதட்டல். தவறவிட்டால் அத்தனை கண்களும் அவர் மேல்தான்.

ஜெர்ரி இந்த ஆட்டத்துக்குள் வந்ததே ஒரு ஓட்டத்தால். ஒக்டாக்கில் இருந்த பி.எல்.மூர் உயர்நிலைப் பள்ளியில் வகுப்புக்கு மட்டம் போட்டு நின்றவனைத் துணைத் தலைமை ஆசிரியர் பின்னாலிருந்து கூப்பிட்டார். பையன் எடுத்தான் ஓட்டம். தண்டனையும் கிடைத்தது, கூடவே, இவன் ஓட்டத்தைப் பாருங்கள் என்று கால்பந்துப் பயிற்சியாளருக்குத் தகவலும் போனது.

பள்ளி ஆட்டங்களில் பெயர் வாங்கியும் பெரிய பல்கலைக்கழகங்கள் அவரைத் தேடி வரவில்லை. பக்கத்து ஊரான ஸ்டார்க்வில்லில் மிசிசிப்பி ஸ்டேட் இருந்தது, அங்கிருந்தும் அழைப்பில்லை. ஆள் அனுப்பி நேரில் பார்த்தது மிசிசிப்பி வேலி ஸ்டேட். நிறப் பாகுபாடு சட்டமாகவே இருந்த நாளில், 1950-ல், கறுப்பின மாணவர்களுக்காக இட்டா பீனாவில் தொடங்கிய கல்லூரி அது. பருத்திக் காடுகளுக்கு நடுவே அமைந்தது. கால்பந்தில் முதல் பிரிவின் இரண்டாம் தட்டு. தொலைக்காட்சி வெளிச்சம் எட்டிப் பார்ப்பதே அபூர்வம்.

அங்கேதான் ஆர்ச்சி கூலி என்ற பயிற்சியாளர் இருந்தார். ஓடி ஓடி மெல்ல முன்னேறுவதே ஆட்டம் என்று பலரும் நினைத்த காலத்தில், அவர் எறிவதையே நம்பினார். நான்கு ரிசீவர்களை ஒரே பக்கத்தில் ஒருவர் பின் ஒருவராக நிறுத்துவார். எதிரணி யாரை யார் பிடிப்பது என்று குழம்பும். ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னால் களத்தில் கூடிப் பேசும் வழக்கத்தையும் விட்டுவிட்டார். குவார்ட்டர்பேக் வில்லி டாட்டன் கோட்டருகே நின்றபடியே சைகை கொடுப்பார், பந்து பறக்கும். எதிரணிக்கு மூச்சு வாங்கவும் நேரமிருக்காது.

1983-ல் சதர்ன் பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் ரைஸ் 24 பந்துகளைப் பிடித்தார். 1984-ல் கென்டக்கி ஸ்டேட் அணியை 86-0 என்று நொறுக்கினார்கள்; பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்ப்பதுதான் டச்டவுன், டாட்டன் அன்று எறிந்தவை மட்டும் 9. அந்தப் பருவத்தில் ரைஸ் பிடித்தவை நூறுக்கு மேல், டச்டவுன் 27. நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் வாக்கெடுப்பில் 9-வது இடம். சிறிய கல்லூரி ஒன்றின் ரிசீவருக்கு அது லேசில் கிடைக்கிற இடமில்லை.

ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. சின்ன அணிகளோடு ஆடிச் சேர்த்த கணக்குதானே என்றார்கள். 40 யார்டு ஓட்டத்தில் அவருடைய நேரம் சுமார்தான் என்றார்கள். கடிகாரத்தை மட்டும் பார்த்தவர்கள் பந்தைத் தேடிப் போகும் அந்தக் கைகளைப் பார்க்கவில்லை என்பது இந்தத் தொடராசிரியரின் எண்ணம்.

பார்த்தவர் ஒருவர் இருந்தார். 1984 அக்டோபரில் தொழில்முறை அணியான சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் ஹூஸ்டனில் ஆடப் போயிருந்தது. முதல் நாள் இரவு ஹோட்டல் அறைத் தொலைக்காட்சியில் கல்லூரி ஆட்டங்களின் தொகுப்பு ஓடியது. அணியின் தலைமைப் பயிற்சியாளர் பில் வால்ஷ் ரைஸைக் கண்டது அதில்தான். மறக்கவில்லை. கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். சாம்பியன் அணி என்பதால் 1985 டிராஃப்டின் முதல் சுற்றில் அவர்களுக்கு வாய்த்தது கடைசி இடம், 28. அதுவரை ரைஸ் மிஞ்சமாட்டார் என்று வால்ஷுக்குத் தெரியும். தமது முதல் மூன்று சுற்று உரிமைகளையும் நியூ இங்கிலாந்து அணியிடம் கொடுத்து, அவர்களுடைய 16-வது இடத்தையும் ஒரு மூன்றாம் சுற்று உரிமையையும் வாங்கினார். அதற்குள் ஆல் டூன், எடி பிரவுன் என்று இரண்டு ரிசீவர்கள் எடுக்கப்பட்டிருந்தார்கள். 16-வதாக ரைஸ் பெயர் வந்தது.

இத்தோடு எல்லாம் சுகமே என்று நினைத்துவிட வேண்டாம். புதிய ஊர், தடிமனான ஆட்டப் புத்தகம், ஒவ்வோர் அடிக்கும் ஒரு கணக்கு. யோசித்துக்கொண்டே ஓடியவரின் கையிலிருந்து பந்து நழுவியது. ஒன்றல்ல, பல. சொந்த மைதானத்து ரசிகர்களே கூச்சலிட்டார்கள். செங்கல் பிடித்த பையனால் தோல் பந்தைப் பிடிக்க முடியவில்லை என்றால் அவமானம் எப்படி இருந்திருக்கும்!

ரைஸ் பயிற்சியை விடவில்லை. 1985 டிசம்பர் 9, திங்கள் இரவு ஆட்டம், எதிரே லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ். 10 பந்துகளைப் பிடித்து 241 யார்டு எடுத்தார். ஆட்டத்தில் ஃபார்ட்டி நைனர்ஸ் தோற்றது. முதல் பருவத்தை 49 பிடிப்பு, 927 யார்டு, 3 டச்டவுனோடு முடித்தார். அடுத்த ஆண்டு அந்த 3, 15 ஆனது. அதற்காக அவர் ஏறி ஓடிய சான் கார்லோஸ் குன்றைப் பற்றி அடுத்த வாரம்.