நுனியைக் கிள்ளினால் துவரை கிளைப்பது ஏன்?

நாற்றுவிட்டு நட்ட துவரை, 20 முதல் 30 நாளில் நுனி கிள்ளும் பதத்துக்கு வந்துவிடும். தண்டின் நுனியில் 5 அல்லது 6 செ.மீ. கிள்ளி எறிகிறார்கள். பார்ப்பவருக்கு மனசு பதறும். ஆனால் சில நாட்களில் இலைக் கக்கங்களில் உறங்கிக் கிடந்த மொட்டுகள் விழித்துப் பக்கக் கிளைகளாகின்றன.

அவற்றை அதுவரை அடக்கி வைத்தது எது? நுனி மொட்டில் உருவாகும் ஆக்சின் என்ற வளரூக்கி தண்டின் வழியே கீழிறங்கி, பக்க மொட்டுகளை எழவிடாமல் தடுக்கிறது. திமான், ஸ்கூக் என்ற ஆய்வாளர்கள் 1930களில் அவரை இனச் செடியின் நுனியை வெட்டி, அந்த இடத்தில் ஆக்சினை வைத்துப் பார்த்தார்கள். நுனி இல்லாமலேயே பக்க மொட்டுகள் அடங்கிக் கிடந்தன!

கதை அத்தோடு முடியவில்லை. நுனியை வெட்டிய பட்டாணிச் செடியில், ஆக்சின் குறையும் முன்பே தொலைவிலுள்ள மொட்டுகள் வளரத் தொடங்குவதை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. அவற்றை முதலில் எழுப்பியது சர்க்கரை. பசியோடு வளரும் நுனி இழுத்துக்கொண்டிருந்த சர்க்கரை, நுனி போனதும் மொட்டுகளுக்குப் பாய்கிறது. எனக்கு இதுவே மிக அழகான பகுதி.

வேர் பிடிக்காத, வாடிய செடியில் மட்டும் கை வைக்காதீர்கள். புதுக் கிளைகளுக்கு ஊட்ட அதனிடம் தெம்பு இருக்காது.