குழாயில் தொலைந்த எண்ணெய் யார் கணக்கில்?

நைஜீரியாவின் நைஜர் டெல்டாவில், சுமார் 97 கிலோமீட்டர் நீளமுள்ள நெம்பே க்ரீக் குழாய்வழி பானி ஏற்றுமதி முனையத்துக்கு எண்ணெய் கொண்டுசெல்ல அமைக்கப்பட்டது. பல நிறுவனங்கள் எடுக்கும் கச்சா எண்ணெய் இதுபோன்ற குழாயில் ஒன்றாகக் கலந்துதான் போகிறது. வழியில் திருட்டு இணைப்பு போட்டு உறிஞ்சுகிறார்கள், கசிவும் உண்டு. செலுத்திய அளவுக்கும் முனையத்தில் சேர்ந்த அளவுக்கும் உள்ள குறையை உற்பத்தியாளர்களின் கணக்கில்தான் கழிக்கிறார்கள். அதை எப்படிக் கழிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே சிறு நிறுவனம் பிழைப்பதும் மூழ்குவதும்.

ஆபத்து எங்கே?

ஒரு கணக்குப் போடுவோம். மூன்று நிறுவனங்கள் 60,000, 30,000, 10,000 பீப்பாய் செலுத்துகின்றன. முனையத்தில் சேர்வது 92,000. செலுத்திய விகிதப்படி பிரித்தால், குறைந்த 8,000-ல் மூன்றாவது நிறுவனத்தின் பங்கு 800 பீப்பாய். ஆனால் 6,000 பீப்பாய் தொலைந்தது அந்த நிறுவனம் குழாயில் இணையும் இடத்துக்கு முன்பே என்றால்? அந்த இழப்பில் அதற்குப் பங்கே இல்லை. எஞ்சிய 2,000-ஐ மட்டும், அந்த இடத்தில் குழாயில் மிஞ்சியிருந்த அளவின் விகிதப்படி பங்கிட்டால் சுமார் 213 பீப்பாய்தான் வரும்.

குறையெல்லாம் திருட்டும் அல்ல. எண்ணெயோடு வரும் நீரும் வண்டலும் எண்ணெயாகவே பதிவாகியிருக்கலாம். சூடாக அளந்த எண்ணெய் ஆறியதும் சுருங்கும். முதல் நிறுவனத்தின் மீட்டர் 600 பீப்பாய் கூட்டிக் காட்டினால், இல்லாத அந்த எண்ணெயும் இழப்பாகிவிடும். விகிதப்படி 240 பீப்பாய் மற்ற இருவர் தலையில் விழும்.

ஊர்மக்களுக்கும் இதில் பங்குண்டு. 2021 பெட்ரோலியத் தொழில் சட்டப்படி, நிறுவனங்கள் முந்தைய ஆண்டின் இயக்கச் செலவில் 3 சதவீதத்தை ஊர் மேம்பாட்டு நிதிக்குத் தர வேண்டும். நாசவேலையால் சேதம் என்று முடிவானால், பழுதுபார்க்கும் செலவு அந்த நிதியிலிருந்து கழியும். துருப்பிடித்து உடைந்த குழாயை நாசவேலைக் கணக்கில் எழுதினால், ஊரின் பணம் அநியாயமாகப் பறிபோகும்.

என்ன கேட்க வேண்டும்?

குழாயைப் பகிரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே இவற்றை எழுத்தில் வாங்குங்கள்:

• குழாயைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் அளவீடு. அந்தந்தப் பகுதியைப் பயன்படுத்துவோருக்கு மட்டும் அதன் இழப்பு.
• எல்லாருக்கும் ஒரே வெப்பநிலைக்குத் திருத்திய, நீர் கழித்த நிகர அளவு.
• மீட்டரைச் சரிபார்க்கும்போதும் மாதிரி எடுக்கும்போதும் உடனிருக்கும் உரிமை.
• மற்றவர் செலுத்திய அளவையும் தொட்டி இருப்பையும் தணிக்கை செய்யும் உரிமை.
• குழாய் நடத்துபவரின் அலட்சியத்தால் வந்த இழப்பு அவருக்கே.

கணக்கு இடித்தால், ஒப்பந்தத்தில் சொன்ன கெடுவுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவியுங்கள். மீட்டர் பதிவு, ஆய்வகச் சான்று, தொட்டி அளவு ஆகியவற்றின் நகல்களைப் பத்திரப்படுத்துங்கள். முதலில் சுயேச்சையான அளவியல் நிபுணரின் முடிவைக் கேட்கலாம்; தீராவிட்டால் ஒழுங்குமுறை ஆணையம், நடுவர் தீர்ப்பு என்று போகலாம்.

இழப்பு எந்த இடத்தில், எதனால் நேர்ந்தது என்று அளந்து காட்டாமல் அதை யார் தலையிலும் கட்டக் கூடாது. அப்படிக் காட்டச் சொல்வது குழாயைப் பகிரும் ஒவ்வொருவரின் உரிமை.