கசக்கும் செய்திக்குக் கேட்ட ஆதாரத்தை இனிக்கும் செய்திக்கும் கேட்போம்

விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் ஒரு காலத்தில் பாடப்புத்தகத்தோடு நின்றுவிட்ட விடயங்கள். இன்று அவை கடைத்தெருவிலும் கல்யாண வீட்டிலும் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலிலும் பேசப்படுகின்றன. ஒரு நாள் ஐந்து நிமிடத்தில் சார்ஜ் ஆகும் பெட்டரி, மறுநாள் புற்றுநோய்க்குப் புதிய மருந்து, அடுத்த நாள் மனிதனை மிஞ்சும் செயற்கை நுண்ணறிவு. உயர்தர வகுப்பில் பௌதிகவியல் கற்பிப்பவன் என்ற வகையில் எனக்கு இது மகிழ்ச்சியான விடயமே. பேசுகிற சமூகம்தான் கற்கிற சமூகம்.

ஆனால் இந்தப் பேச்சுகளில் ஒரு குறையை நான் தொடர்ந்து அவதானித்து வருகிறேன். செய்தி வந்து இரண்டாவது நிமிடத்திலேயே சபை இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு சாரார் "நூற்றுக்கு நூறு உண்மை" என்கிறார்கள், மறுசாரார் "எல்லாம் பொய்" என்கிறார்கள். எதை அளந்தார்கள், எப்படி அளந்தார்கள், வேறு யாராவது அளந்து பார்த்தார்களா என்ற கேள்விகள் எழுவதே இல்லை. அந்தக் கேள்விகளின் பெறுமதியை விளங்கிக்கொள்ள அண்மைக் கால உதாரணம் ஒன்றைப் பார்ப்போம்.

உலகைக் கலக்கிய ஒரு கறுப்புக் கல்

2023 ஜூலை 22ஆம் திகதி தென்கொரிய ஆய்வாளர்கள் சிலர் இரண்டு ஆய்வுக் கட்டுரைகளை இணையத்தில் வெளியிட்டார்கள். ஈயம், செப்பு, பொசுபரசு, ஒட்சிசன் ஆகியன சேர்ந்த ஒரு பொருளைத் தயாரித்திருப்பதாகவும், அது சாதாரண அறை வெப்பநிலையிலேயே மீகடத்தியாகத் தொழிற்படுவதாகவும் அவர்கள் கூறினார்கள். அதற்கு எல்கே-99 என்று பெயரும் வைத்தார்கள்.

மீகடத்தி என்பது மின்சாரத்துக்கு எந்தத் தடையும் காட்டாத பொருள். சாதாரண செப்புக் கம்பியில் மின் பாயும்போது ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. மீகடத்தியில் அந்த இழப்பு இல்லை. 1911இல் நெதர்லாந்து விஞ்ஞானி கமர்லிங் ஒன்னெஸ் இதை முதன்முதலில் பாதரசத்தில் கண்டார். சிக்கல் என்னவென்றால், அந்தப் பாதரசத்தைப் பூச்சியத்துக்குக் கீழே 269 பாகை செல்சியஸ் வரை குளிராக்க வேண்டியிருந்தது. இன்றும் வைத்தியசாலைகளிலுள்ள எம்ஆர்ஐ இயந்திரங்களின் காந்தங்களைக் குளிராக்கத் திரவ ஹீலியம் தேவைப்படுகிறது. குளிரூட்டாமலே இயங்கும் மீகடத்தி கிடைத்தால் மின்சாரச் செலவு முதல் மருத்துவச் செலவு வரை எவ்வளவோ மாறும். ஆகவே உலகம் பரபரப்படைந்ததில் வியப்பில்லை.

கூடவே ஒரு காணொளியும் வந்தது. காந்தம் ஒன்றின் மேல் சிறிய கறுப்புத் துண்டொன்று, ஒரு முனை காந்தத்தைத் தொட்டபடி, மறுமுனை காற்றில் தூக்கி நின்றது. "கண்ணால் பார்த்த பிறகு இன்னும் என்ன ஆதாரம்?" என்று பலரும் கேட்டார்கள். மீகடத்தி தொடர்பான நிறுவனங்களின் பங்கு விலைகள்கூட ஏறின.

அந்த நேரத்தில் உலகெங்குமுள்ள ஆய்வுகூடங்கள் விவாதத்தில் இறங்கவில்லை, அந்தப் பொருளைத் தாமே தயாரித்துப் பார்த்தன. சில வாரங்களிலேயே விடை தெளிவாகிவிட்டது. 104 பாகை செல்சியஸ் அளவில் மின்தடை சட்டென்று வீழ்ந்தது உண்மை. ஆனால் தயாரிப்பின்போது மாசாகச் சேர்ந்திருந்த செப்பு சல்பைட்டு அந்த வெப்பநிலையில் தன் கட்டமைப்பை மாற்றிக்கொள்வதே அதற்குக் காரணம். துண்டின் ஒரு முனை தூக்கி நின்றதற்குச் சாதாரண காந்த இயல்பே போதும், மீகடத்தி தேவையில்லை. ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரிலுள்ள மெக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மாசில்லாத தூய பளிங்கையே வளர்த்துப் பார்த்தார்கள். அது மீகடத்தி அல்ல, மின்சாரத்தைக் கடத்தாத காவலி.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காணொளியில் யாரும் கண்கட்டு வித்தை காட்டவில்லை. தடை வீழ்ந்ததும் உண்மை, துண்டு தூக்கி நின்றதும் உண்மை. அவற்றுக்குச் சொல்லப்பட்ட காரணம்தான் பிழை. கண்ணால் கண்டது வேறு, கண்டதற்குக் கொடுக்கும் விளக்கம் வேறு. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடக்க உதவுவதே பரிசோதனை.

கேள்வி கேட்கப்படாதபோது என்ன நடக்கும்?

எல்கே-99 விவகாரத்தால் யாருடைய வீடும் எரியவில்லை. ஆனால் ஆதாரம் கேட்கப்படாத "விஞ்ஞானம்" என்ன செய்யும் என்பதை இந்த நாட்டில் எங்களை விட அனுபவித்து அறிந்தவர்கள் குறைவு.

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவருடைய சாப்பாட்டுக் கடையில், கறியில் கிடந்த ஒரு கட்டியைக் காட்டி "மலட்டு மாத்திரை" என்றார்கள். கடை தாக்கப்பட்டது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அந்த இரவு யாராவது ஒருவர் சில எளிய கேள்விகளைக் கேட்டிருக்கலாம். அந்த மாத்திரையின் பெயர் என்ன? ஒரு முறை உணவில் கலந்தால் ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை மருத்துவத்தில் உண்டா? அப்படி ஒன்று கிடையாது. பெண்கள் பாவிக்கும் கருத்தடை மாத்திரைகூட ஒழுங்காக உட்கொள்ளும் வரைதான் வேலை செய்யும், நிறுத்தினால் அதன் பலனும் நின்றுவிடும். பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வில் அந்தக் கட்டி வெறும் மாக்கட்டி என்று தெரியவந்தது. ஆனால் அறிக்கையை விட வதந்தி வேகமாகப் பயணித்திருந்தது. அடுத்த வாரம் திகனயில் வேறொரு சம்பவத்தைத் தொடர்ந்து வன்முறை வெடித்தபோது, இந்த மாத்திரைக் கதையும் எரிகிற நெருப்பில் எண்ணெயாக இருந்தது. அந்த வன்முறையில் தமது தளம் வகித்த பங்குக்காகப் பேஸ்புக் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது.

அடுத்தது ஜனாஸா எரிப்பு. கொவிட் தொற்றால் மரணித்தவர்களை அடக்கம் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020 மார்ச்சிலேயே வழிகாட்டியிருந்தது. ஆனாலும் ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி மூலம் எரிப்பது கட்டாயமாக்கப்பட்டது. நிலத்தடி நீரில் வைரஸ் கலந்துவிடும் என்பதே சொல்லப்பட்ட காரணம். வைரஸ் உயிருள்ள கலத்துக்குள் மாத்திரமே பெருகக்கூடியது. உயிரற்ற உடலில் அது பெருகுவதில்லை, நாளடைவில் அழிந்துபோகிறது. கொரோனா வைரஸ் பிரதானமாகச் சுவாசத்தின் வழியே பரவும் ஒன்று. அடக்கம் செய்த உடலிலிருந்து நீர் வழியாக ஒருவருக்குத் தொற்றியதற்கு எந்த நாட்டிலும் ஆதாரம் காட்டப்படவில்லை. ஆதாரம் எங்கே என்று நாம் கேட்டோம். இலங்கை மருத்துவச் சங்கமும் அடக்கத்துக்கு இடமளிக்கலாம் என்றது. ஆனாலும் 2021 பெப்ரவரி இறுதி வரை காத்திருந்து, மார்ச்சில்தான் ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் ஜனாஸாக்களை அடக்க முடிந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. பெற்றாரின் சாம்பலைக்கூட வாங்க மறுத்த குடும்பங்களுக்கு அந்த மன்னிப்பு எவ்வளவு தூரம் ஆறுதலாகும் என்று எனக்குத் தெரியாது.

இந்த இரண்டு இடத்திலும் நாம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஆதாரத்தைக் காட்டுங்கள்.

அதே கேள்வியை நம்மிடமும் கேட்கிறோமா?

இனி நமக்கு இனிக்கும் செய்திகளுக்கு வருவோம். நீல் ஆம்ஸ்ட்ரோங் சந்திரனில் பாங்கொலி கேட்டு இஸ்லாத்தை ஏற்றார் என்ற கதையைக் கேட்காத முஸ்லிம் வீடு நம் ஊர்களில் அரிது. ஒலி பயணிக்கக் காற்று போன்ற ஓர் ஊடகம் வேண்டும். சந்திரனில் காற்று இல்லை. இதை நம் பிள்ளைகள் பாடசாலையில் படித்துப் புள்ளியும் வாங்குகிறார்கள், வீட்டுக்கு வந்து அந்தக் கதையையும் கேட்கிறார்கள். ஆம்ஸ்ட்ரோங்கே அதை மறுத்திருக்கிறார். 1983இல் அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் முஸ்லிம் நாடுகளிலுள்ள தனது தூதரகங்களுக்கு இதற்கென்றே விளக்கம் அனுப்பியது. இருந்தும் கதை ஓயவில்லை. நமது ஈமானுக்கு ஒரு விண்வெளி வீரரின் சாட்சி தேவையில்லை. ஆனால் பிழையான சாட்சியைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால், அது பிழை என்று அறியும் நாளில் அந்தப் பிள்ளை வேறு எதையெல்லாம் சந்தேகிக்கும்?

இதைச் சிறு விடயம் என்று விட்டாலும், எல்லாக் கதையும் இப்படித் தீங்கின்றி முடிவதில்லை. 2003இல் நைஜீரியாவின் வடக்கிலுள்ள கனோ மாநிலம் போலியோ சொட்டு மருந்தை நிறுத்தியது. முஸ்லிம் பிள்ளைகளை மலடாக்கும் பொருள் அதில் கலந்திருக்கிறது என்பதே பரவிய செய்தி. நன்றாகக் கவனியுங்கள், அம்பாறையில் நமக்கு எதிராகச் சொல்லப்பட்ட அதே கதை, அங்கே முஸ்லிம்களே நம்பிய கதை. பரிசோதனைகள் நடந்து, 2004 ஜூலையில் மருந்து மீண்டும் வழங்கப்பட ஏறக்குறைய ஒரு வருடம் சென்றது. அதற்குள் வைரஸ் நைஜீரியாவைத் தாண்டிப் பல நாடுகளுக்குப் பரவியது. விலை கொடுத்தவர்கள் கால் விளங்காமற் போன பிள்ளைகள். கொவிட் தடுப்பூசி வந்தபோது நம் மத்தியிலும் இதே மலட்டுக் கதை உலாவியதை மறந்துவிட வேண்டாம்.

நான்கு கேள்விகள்

நான் என் மாணவர்களிடம் எந்த விஞ்ஞானச் செய்திக்கும் நான்கு கேள்விகள் கேட்கச் சொல்வதுண்டு.

1. முதலில் சொன்னவர் யார், எங்கே சொன்னார்? "விஞ்ஞானிகள் கண்டுபிடித்துள்ளனர்" என்பது பெயரல்ல. ஹதீஸுக்கு அறிவிப்பாளர் வரிசை தேடும் மரபில் வந்தவர்களுக்கு இது புதிய கேள்வியும் அல்ல.

2. எதில் அளந்தார்கள்? கண்ணாடிக் குழாயிலுள்ள கலத்திலா, எலியிலா, மனிதரிலா? எத்தனை பேரில்? எலியில் புற்றுநோயைக் குறைத்த மருந்துகள் பல மனிதரில் பலனளிக்காமல் போயிருக்கின்றன.

3. வேறு யாராவது செய்து பார்த்து அதே முடிவைப் பெற்றார்களா? எல்கே-99 இந்த இடத்தில்தான் விழுந்தது.

4. கண்டதற்கு வேறு விளக்கம் இருக்க முடியுமா? கறியிலுள்ள கட்டி மாக்கட்டியாகவும் இருக்கலாம் அல்லவா?

இவற்றுக்கு விடை கிடைக்காவிட்டால் "இன்னும் தெரியாது" என்று சொல்லலாம். அது தோல்வியல்ல. நம்புவதற்கும் மறுப்பதற்கும் இடையில் பொறுத்திருக்க இடமுண்டு, நேர்மையான விஞ்ஞானி பெரும்பாலான நாட்களில் அங்கேதான் நிற்கிறார். வந்த செய்தியை விசாரித்துக் கொள்ளும்படி சூரா ஹுஜ்ராத்தின் 6ஆவது வசனம் நமக்குக் கற்பிப்பதும், அறியாமல் ஒரு கூட்டத்துக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்தாதிருப்பதற்காகவே.

அடுத்த கிழமை இன்னொரு பெட்டரி வரும், இன்னொரு மருந்து வரும், தடுப்பூசி பற்றி இன்னொரு குரல் பதிவும் வரும். அவற்றைப் பற்றித் தாராளமாகப் பேசுவோம். ஆனால் நம்மை நோக்கி வந்த பொய்க்கு நாம் கேட்ட ஆதாரத்தை, நமக்குப் பிடித்த கதைக்கும் கேட்போம். அப்போதுதான் நாளை யாராவது ஒரு மாக்கட்டியைக் காட்டி மாத்திரை என்று சொல்லும்போது, ஆதாரம் எங்கே என்ற நமது கேள்விக்கு மற்றவர்கள் மத்தியில் மதிப்பிருக்கும்.