கொச்சிக்கு வந்த நிபா கப்பலில் வரவில்லை

கொச்சி மட்டாஞ்சேரியின் கடைவீதி மிளகுக்கும் சுக்குக்கும் உலகெங்கும் பெயர் பெற்றது. சரக்கோடு நோயும் கப்பலேறி வரும் என்பது இத்தகைய துறைமுக நகரங்களின் பழைய அனுபவம். ஆனால், 2019 ஜூன் மாதம் கொச்சியை அச்சத்தில் ஆழ்த்திய நிபா வைரஸ் கடல் கடந்து வந்ததல்ல. எர்ணாகுளம் மாவட்டக் கல்லூரி மாணவர் ஒருவருக்கு அந்நோய் தாக்கியிருப்பதை புணே தேசிய வைராலஜி நிறுவனம் ஜூன் 4-ம் தேதி உறுதி செய்தது. அவருடன் தொடர்பிலிருந்த முந்நூறுக்கும் அதிகமானோர் கண்காணிக்கப்பட்டனர். வேறு எவருக்கும் நோய் தொற்றவில்லை, மாணவரும் பிழைத்துக்கொண்டார்.

முந்தைய ஆண்டின் கதை வேறு. 2018 மே மாதம் கோழிக்கோடு, மலப்புறம் மாவட்டங்களில் தோன்றிய நிபாவுக்கு 17 பேர் பலியாயினர். நோயாளிக்குப் பணிவிடை செய்த பேராம்பிரா அரசு மருத்துவமனைச் செவிலியர் லினியும் அவர்களில் ஒருவர். ஐக்கிய அரபு அமீரகம் உள்ளிட்ட வளைகுடா நாடுகள் கேரளக் காய்கனிகளுக்குத் தடை விதித்தன. வணிகத்தை நம்பி வாழும் கொச்சிக்கு நோயைவிட முன்னதாக வந்து சேர்ந்தது அந்த அடிதான்.

நிபா என்பது மலேசியக் கிராமம் ஒன்றின் பெயர். அங்கு 1998-99-ல் பன்றிப் பண்ணைகள் வழியே பரவி நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இந்தியாவில் முதன்முதலாக 2001-ல் மேற்கு வங்கத்தின் சிலிகுரியில் 66 பேரைத் தாக்கி, 45 பேரின் உயிரைப் பறித்தது. அது நிபாதான் என்பது தெரியவரவே சில ஆண்டுகள் ஆயின. 2018-ல் கேரளத்திலும் முதல் நோயாளி, காரணம் அறியப்படாமலேயே இறந்தார். அதே குடும்பத்தின் அடுத்த நோயாளியைக் கண்ட மருத்துவர்களுக்கு ஐயம் எழுந்ததால்தான் உண்மை வெளிப்பட்டது.

ஆகவே, நோய் ஊர் ஊராகப் பயணம் செய்கிறது என்று சொல்வது பாதி உண்மையே. வைரஸைச் சுமக்கும் பழந்தின்னி வௌவால்கள் நாடெங்கும் உள்ளன. தமிழகம், புதுச்சேரி, கர்நாடகம், கோவா, அசாம் உள்ளிட்ட பகுதிகளின் வௌவால்களில் நிபாவுக்கான எதிர்ப்பொருள் இருப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு காட்டியது. கேரளத்தில் அடிக்கடி நோய் கண்டறியப்படுவதற்கு, அங்கு தேடுகிறார்கள் என்பதும் ஒரு காரணம். நன்றாகத் தேடும் மாநிலத்துக்கே கெட்ட பெயர் என்பது விந்தை.

தேடினாலும், அறிவிக்கும் அதிகாரம் யாரிடம் என்பதில் இழுபறி. 2023 செப்டம்பரில் கோழிக்கோட்டில் இருவர் இறந்தபோது, காரணம் நிபா என்று தில்லியில் மத்திய சுகாதார அமைச்சர் மன்சுக் மாண்டவியா அறிவித்தார். புணேயிலிருந்து முடிவு இன்னும் வரவில்லை என்றார் கேரள அமைச்சர் வீணா ஜார்ஜ். நோயாளியின் உறவினர்கள் யாரை நம்புவது?

2025 ஜூலையில் நிபா பாலக்காடு மாவட்டத்திலும் தென்பட்டது. கோவையை ஒட்டிய எல்லைச் சாவடிகளில் பயணிகளின் உடல் வெப்பம் சோதிக்கப்பட்டது. வேண்டியதுதான், ஆனால், வௌவால்கள் வாளையாறு சாவடி வழியாக வருவதில்லை. மரங்களை வெட்டி அவற்றை விரட்டினால் தீங்கு கூடும் என்கின்றனர் வல்லுநர்கள். காய்ச்சலும் மூளை வீக்கமுமாக வரும் நோயாளியைக் கண்டதும் கூடலூரிலோ பொள்ளாச்சியிலோ ஓர் அரசு மருத்துவருக்கு நிபா என்ற ஐயம் எழுமா, எழுந்தால் மாதிரி எத்தனை மணி நேரத்தில் ஆய்வகத்தைச் சேரும் என்பதற்குத் தமிழக அரசுதான் பதில் சொல்ல வேண்டும்.