பனிமலையில் சாணை!

ஆறடி நீளமும் ஒரு சாண் அகலமும் உள்ள பலகை ஒன்றை உங்கள் இரு கால்களிலும் சேர்த்துப் பூட்டி, கண்ணாடி போல் இறுகிக் கிடக்கும் பனிமலைச் சரிவில் இறக்கிவிட்டால் எப்படி இருக்கும்? "ஐயோ, நம்மால் ஆகாது!" என்று அலறாதீர்கள். அப்படி இறங்கித் தங்கப் பதக்கம் வாங்கி வருகிற பெண்மணிகள் இருக்கிறார்கள்.

செக் நாட்டு எஸ்டர் லெடெட்ஸ்கா அவர்களில் ஒருவர். 2018-ம் ஆண்டு தென் கொரியாவில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் 'ஸ்கீ' எனப்படும் இரட்டைக் கட்டைச் சறுக்கில் ஒரு வினாடியில் நூற்றில் ஒரு பங்கு வித்தியாசத்தில் தங்கம் வென்றார். வெற்றியை அவரே எதிர்பார்க்கவில்லை. நிருபர்கள் கூட்டத்தில், "முகத்துக்கு ஒப்பனை செய்துகொண்டு வரவில்லையே!" என்று பனிக் கண்ணாடியைக் கழற்றாமலே பேசினார், பாருங்கள்! ஒரே வாரம் கழித்து ஒற்றைப் பலகையில் ஏறினார். அதுதான் ஸ்னோபோர்டு. அதிலும் தங்கம்! ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு சறுக்கிலும் தங்கம் வாங்கியது அவர்தான் முதலில். 2022-ல் பெய்ஜிங்கில் ஸ்னோபோர்டில் மறுபடியும் வென்றார்.

அந்தப் பலகை சரிவில் வழுக்கி ஓடாமல் சொன்னபடி திரும்புகிறதே, எதனால்? அதன் இரு ஓரங்களிலும் பதித்திருக்கும் உருக்குப் பட்டையினால்தான். பட்டையின் கனம் சுமார் 2 மில்லிமீட்டர். ஒரு நாணயத்தின் கனம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

ஆதியில் இந்தப் பட்டையே கிடையாது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து மஸ்கீகன் ஊரில், 1965 கிறிஸ்துமஸ் அன்று, ஷெர்மன் பாப்பன் என்ற தகப்பனார் தம் பெண் குழந்தைகள் விளையாட இரண்டு ஸ்கீ கட்டைகளைச் சேர்த்துப் பிணைத்தார். 'ஸ்னர்ஃபர்' என்று அதற்குப் பெயர் வைத்தவர் அவர் மனைவி. புதுப்பனியில் விளையாட அது போதும். பந்தயத் தடமோ தண்ணீர் விட்டுப் பாறையாக இறுக வைத்தது. அங்கே உருக்கு விளிம்பு இல்லாமல் ஒன்றும் நடக்காது.

பந்தயப் பலகை நடுவில் சற்றே இடுப்புச் சிறுத்திருக்கும். அதைச் சாய்த்து ஒரு பக்க விளிம்பின்மேல் முழுப் பாரத்தையும் போட்டால், பலகை வில்லாக வளைந்து அந்த வளைவிலேயே ஓடும். பனியில் பென்சிலால் கீறியது போல் ஒரே கோடு விழும். ஸ்கீக்காரருக்கு ஒரு கட்டை வழுக்கினால் மற்றொன்று தாங்கும். இவருக்கு அந்த ஒற்றை விளிம்பைத் தவிர வேறு கதி இல்லை. அது மழுங்கியிருந்தால் கோடு விழாது. பலகை பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். நூற்றில் ஒரு பங்கு வினாடி என்ன, பந்தயமே போய்விடும். எலும்பு தப்பினால் பாக்கியம்.

ஆகவே பந்தயத்துக்கு முன்பே வேலை நடக்கிறது. பலகையை மேஜையில் இறுகப் பூட்டுகிறார்கள். வெளிச்சத்தில் விளிம்பைப் பார்த்தால் கல்லில் இடித்த இடங்கள் தெரியும். அவசரக்காரர் உடனே அரத்தை எடுப்பார், எடுக்கக் கூடாது! இடிபட்ட இடத்தில் உருக்கு மற்ற இடத்தைவிடக் கெட்டிப்பட்டிருக்கும். அரம் அதன்மேல் வழுக்கும். அரத்தின் பல்தான் மழுங்கும். வைரத் தூள் பதித்த கல்லால் முதலில் அந்த மேட்டைத் தேய்த்து எடுக்க வேண்டும்.

பட்டைக்கு இரண்டு முகம். பனியைப் பார்க்கும் அடி முகத்தை அரை டிகிரி அல்லது ஒரு டிகிரி மட்டும் மேல்நோக்கிச் சரிக்கிறார்கள். இல்லாவிட்டால் நேரே போகும்போதே விளிம்பு பனியில் சிக்கி ஆளைக் குப்புறத் தள்ளிவிடும். பக்க முகத்தையோ உட்பக்கமாகச் சரித்து, 90 டிகிரி மூலையை 88 அல்லது 87 டிகிரியாகக் கூர்மையாக்குகிறார்கள். பக்க முகத்தில் தவறு செய்தால் இன்னும் கொஞ்சம் அராவிச் சரிக்கட்டலாம். அடி முகத்தில் கை கனத்துவிட்டதோ, தொலைந்தது! பலகையின் அடிப்பாகம் முழுவதையும் யந்திரத்தில் கொடுத்துத் தேய்த்து எடுத்தால்தான் உண்டு. "எனக்குக் கைப்பழக்கம் உண்டு, கோணச் சட்டம் எதற்கு?" என்று கேட்கும் ஆண்பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் உங்கள் பலகையைக் கொடுத்துவிடாதீர்கள். அரத்தைக் கோணச் சட்டத்தில் பொருத்தி, ஒரே திசையில் மெல்ல இழுப்பதுதான் முறை.

விளிம்பு நெடுகிலும் அரம் பட்டதா என்று அறிய அழகான யுக்தி ஒன்று இருக்கிறது. எழுதும் கறுப்பு மையை உருக்கின்மேல் தடவிவிட்டு அராவுவார்கள். எங்கே கறுப்பு மிச்சமிருக்கிறதோ அங்கே அரம் தொடவில்லை என்று அர்த்தம். விழும் உருக்குத் தூளை அடிக்கடி துடைக்க வேண்டும். அடிப்பாகத்தின் மெழுகில் அது போய்ப் பதிந்தால் கீறல்தான்.

அராவி முடிந்ததும் விரலை ஓட்டிப் பார்க்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத பிசிறு நிற்கும், கையைக் கிழிக்கும். அதை நயமான கல்லால் எடுத்துவிட்டு, நகத்தை விளிம்பின் குறுக்கே இழுக்கிறார்கள். நகத்திலிருந்து மெல்லிய சீவல் வந்தால் சாணை சரி. வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு பாடுபட்டுத் தீட்டியதில் முனையிலும் வாலிலும் கொஞ்ச தூரத்தை ரப்பர்க் கல்லால் வேண்டுமென்றே மழுக்குகிறவர்களும் உண்டு. அங்கேயும் கூராக இருந்தால் திருப்பத்திற்குள் நுழையும்போதும் வெளிவரும்போதும் பலகை முரண்டு பிடிக்குமாம்.

நம் வீட்டுக் கத்தி தேய்ந்தால் வேறு வாங்கலாம். இந்த 2 மில்லிமீட்டர் தீர்ந்தால் பலகையே தீர்ந்தது. அதனால் கெட்டிக்காரர்கள் அரத்தைத் தினமும் தொடுவதில்லை. ஓட்டம் முடிந்ததும் வைரக் கல்லால் நாலு இழுப்பு; அவ்வளவே. பிறகு உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்து வைப்பார்கள். ஈரத்தோடு உறையில் போட்டு மூடினால், மறுநாள் காலை உறையைத் திறக்கும்போது விளிம்பு நெடுகிலும் செங்காவித் துரு காத்திருக்கும்.