சமையல் மேடையின் வெப்பச் சேதம்

சமையல் மேடையின் வெப்பச் சேதம் என்பது, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை நேரடியாக மேடைமீது வைப்பதால் ஏற்படும் நிறமாற்றம், கொப்புளம், கருகல், விரிசல் ஆகியவற்றைக் குறிக்கும். இதனைச் சீராக்க இயலுமா என்பது, மேடை எப்பொருளால் ஆனது, வெப்பம் எவ்வளவு ஆழம் சென்றுள்ளது என்னும் இரண்டையும் பொறுத்தது.

காரணம்

கிரானைட், பாறைக்குழம்பு குளிர்ந்து இறுகியதால் உருவான கல் ஆகும். ஆதலால் சமையல் வெப்பம் அதனை எளிதில் பாதிப்பதில்லை. வேறு பல மேடைகளில் பிசின் கலந்துள்ளது. பொரிக்கும் எண்ணெயின் வெப்பநிலை ஏறத்தாழ 180 பாகை செல்சியஸ் ஆகும். அக்ரிலிக் பிசினோ ஏறத்தாழ 105 பாகையிலேயே இளகத் தொடங்குகிறது.

சீரமைக்கும் முறைகள்

மரம்: வெள்ளை வளையம் பெரும்பாலும் மெருகுப் பூச்சினுள் சிக்கிய ஈரமே. அதன்மேல் உலர்ந்த துணியை விரித்து, மிதமான சூட்டில் இஸ்திரிப்பெட்டியைச் சில விநாடிகள் ஒற்றியெடுத்தால் வளையம் மங்கும். கருகிய இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் எண்ணெய் அல்லது மெருகு பூச வேண்டும்.

லேமினேட்: இது பீனால், மெலமைன் பிசின்களில் தோய்த்த தாள்களை அழுத்திச் செய்யப்படுவது. பசை விட்டு எழுந்த கொப்புளத்தைத் துணியின்மேல் சூடாக்கி, ஆறும்வரை பாரம் வைத்தால் சில வேளைகளில் படியும். மெலமைன் ஒருமுறை இறுகியபின் மீண்டும் உருகாது. எனவே கருகிய பகுதியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. அதனை வெட்டியெடுத்து ஓடு பதிக்கலாம், அல்லது தகட்டையே மாற்றலாம்.

அக்ரிலிக் கலவைப் பலகை: மேலிருந்து கீழ்வரை ஒரே பொருளால் ஆனது. ஆகவே மேலோட்டமான தழும்பைத் தேய்த்து மெருகேற்றி நீக்கலாம்.

செயற்கைக் குவார்ட்ஸ் கல்: எடையில் ஏறத்தாழ 90 விழுக்காடு குவார்ட்ஸ் துகள்களும் எஞ்சியது பெரும்பாலும் பிசினும் கொண்டது. பிசின் மஞ்சளித்தால் நிறம் முழுமையாக மீள்வதில்லை. சிறு விரிசலை எப்பாக்சியால் நிரப்பலாம்.

எச்சரிக்கை

செயற்கைக் குவார்ட்ஸ் கல்லை வீட்டில் தேய்த்துச் சீராக்க முயலக்கூடாது. அதிலிருந்து எழும் நுண்ணிய சிலிக்கா தூசு, குணப்படுத்த இயலாத சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோயை உண்டாக்க வல்லது. கல் அறுக்கும் தொழிலாளர்கள் இந்நோய்க்கு ஆளானதால், ஆஸ்திரேலியா 2024 சூலை 1 முதல் இக்கல்லின் உற்பத்தி, விற்பனை, பொருத்துதல் ஆகியவற்றைத் தடை செய்தது.

தடுப்பு

சூடான பாத்திரத்தைப் பிரிமணை அல்லது மரப்பலகைமீது வைப்பது இச்சேதத்தைத் தவிர்க்கும் எளிய வழியாகும்.