மரம் போர்த்த சுவர்கள்

குளிர் மிகுந்த தேசங்களில் வீட்டின் உட்சுவரை மரப்பலகையாற் போர்த்தும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. கல்லாலும் செங்கல்லாலும் எழுப்பிய சுவர் பனிக்காலத்திற் கைவைக்க ஒண்ணாதவாறு குளிரும், ஈரமும் கசியும். மரமோ வெப்பத்தை எளிதிற் கடத்தாத பொருள். ஆதலின் பலகை போர்த்த அறையில் இருப்போர்க்குக் கதகதப்பு மிகும். இங்ஙனம் தேவைபற்றித் தோன்றிய வழக்கம் நாளடைவில் அலங்காரமாயிற்று. இக்காலத்தில் அத்தகைய பழைய வீடுகளை விலைக்கு வாங்குவோர் பலர், அம்மரச்சுவர்கள் அறையை இருளாக்குகின்றன என்றும், நாகரிகம் கடந்தன என்றும் கருதி, அவற்றைப் புதுப்பிக்கப் புகுகின்றனர். புகுவோர் முதலில் வினவத்தக்கது, 'எந்நிறம் பூசலாம்?' என்பதன்று; 'இஃது எவ்வகை மரம்? எவ்வாறு சேர்க்கப்பட்டது?' என்பதேயாம். இவ்வினாவை எழுப்பாது கைவைத்தமையாற் கெட்டொழிந்த வேலைப்பாடுகள் பல.

இங்கிலாந்தில் 16-ஆம் நூற்றாண்டின் மாளிகைகளில் இருப்பது பெரும்பாலும் ஓக் மரம். அதனைச் சேர்த்திருக்கும் முறை நம் தச்சர் கதவு செய்யும் முறையை ஒத்ததே. நெடுஞ்சட்டத்தையும் குறுக்குச்சட்டத்தையும் கழுந்தும் துளையுமாகப் பொருத்தி, அவற்றின் உட்புறத்திற் காடி எடுத்து, நடுப்பலகையை அக்காடியிற் செருகிவிடுவர், பசையிட்டு ஒட்டுவதில்லை. ஏன்? மரம் உயிர் நீங்கிய பின்னும் அசைவு நீங்காத பொருள். காற்றில் ஈரம் ஏறினால் அது குறுக்குவாட்டில் விரியும். ஈரம் குறைந்தாற் சுருங்கும். நீளவாட்டிலோ மாறுதல் மிகச் சிறிது. நடுப்பலகை காடிக்குள் தன்போக்கில் நகர இடம் இருப்பதனாலேயே சில பலகைகள் நானூறு ஆண்டுகளாகப் பிளவாமல் நிற்கின்றன. இவ்வுண்மையை அறியாதவர், பலகையின் ஓரத்து இடைவெளியைக் குற்றமென்று எண்ணிப் பசையும் மக்கும் இட்டு இறுக்கிவிடுகின்றனர். பின்னர்ப் பனிக்காலத்தில் அறைகளுக்குச் சூடேற்றும்போது காற்று வறள்கின்றது. சுருங்க இடமில்லாத பலகை நடுவே வெடிக்கின்றது. இத்தகைய ஓக் சுவருக்கு வேண்டுவது தூசி துடைப்பதும், சிறிது மெழுகு தேய்ப்பதும், அறையில் நல்ல விளக்கு ஏற்றுவதுமே. அதன்மேல் வண்ணம் பூசுதல் தகாது என்பது என் துணிபு.

ஆனால் இவ்விதியை எல்லா மரச்சுவர்க்கும் பொதுவாக்குதல் பிழை. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி, வட ஐரோப்பாவிலிருந்து வந்த பைன் முதலிய மென்மரங்களாலும் இங்கிலாந்தில் மிகுதியாகச் சுவர் போர்த்தனர். அம்மரம் கணு நிறைந்தது; அதன் தோற்றத்தைக் காட்டவேண்டுமென்று ஒருவரும் கருதினாரல்லர். வண்ணம் பூசுவதற்கென்றே அதனை அமைத்தனர். 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலோ, 'உள்ளிருக்கும் மரத்தின் இயற்கையழகை வெளிப்படுத்துவோம்' என்று ஓர் ஆர்வம் பிறந்தது. பலகைகளைப் பெயர்த்தெடுத்துக் காஸ்டிக் சோடாத் தொட்டியில் அமிழ்த்தி வண்ணத்தைக் கரைத்தனர். வண்ணத்தோடு பழைய வச்சிரப்பசையும் இளகி மூட்டுக்கள் தளர்ந்தன. மரத்தின் மேற்பரப்பு மயிர் எழுந்தாற்போலச் சொரசொரப்பாயிற்று. பழைமையைப் போற்றுவதாக எண்ணிப் பழைமையை அழித்த செயல் இது.

இதனினும் கொடியதொன்று உண்டு. பழைய வண்ணங்களில் ஈயம் கலந்திருக்கும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வீடுகளுக்கு ஈய வண்ணம் பயன்படுத்துவது 1978-இல் தடுக்கப்பட்டது. அதற்கு முன் கட்டிய வீட்டில் வண்ணத்தை உலர்ந்தபடியே உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் நச்சுத்தூள் அறையெங்கும் பரவும். நெருப்புச் சுடரால் எரித்து உரித்தாற் புகையாய் எழும். தரையில் தவழ்ந்து, கையை வாயில் வைக்கும் குழந்தையின் உடலில் அத்தூள் சேர்ந்து அறிவு வளர்ச்சியைக் குன்றச் செய்கின்றது. சுவரை அழகுசெய்யப் புகுந்த பெற்றோர் தம் மகவுக்கே தீங்கிழைப்பது எத்துணைப் பரிதாபம்! பழைய வண்ணம் உதிராமல் உறுதியாக இருக்குமாயின், முதலில் ஈயச் சோதனை செய்து, உரிக்காமல் அதன் மேலேயே பூசுவது நலம்.

இனி, அமெரிக்காவிற் பலர்க்கும் தொல்லையாயிருக்கும் மரச்சுவர் வேறொரு வகையது. 1960, 1970 ஆகிய ஆண்டுகளையொட்டிக் கட்டிய வீடுகளில், 4 அடி அகலமும் 8 அடி உயரமும் உள்ள மெல்லிய ஒட்டுப்பலகைகளை ஆணியடித்து நிறுத்தியிருப்பர். தனித்தனிப் பலகைகளைச் சேர்த்தது போலத் தோன்றும்பொருட்டு அவற்றில் நெடுக்காகக் கோடுகள் வெட்டியிருக்கும். சிலவற்றில் மேலே காணும் மரவரி மரமே அன்று, அச்சிட்ட காகிதம். ஓரத்தைக் கூர்ந்து நோக்கினால் ஒட்டிய அடுக்குகள் தெரியும். இப்பலகைக்கு ஓக் மரத்திற்குச் செய்யும் உபசாரம் வேண்டுவதில்லை; தாராளமாக வண்ணம் பூசலாம்.

பூசுவதிலும் முறை உண்டு. பல்லாண்டுக் காலத்துச் சமையற் பிசுக்கும் புகையும் படிந்த சுவரை முதலிற் சோப்பு நீராற் கழுவி உலர்த்தல் வேண்டும். வழவழப்பு நீங்க உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்தல் வேண்டும். அழுத்தித் தேய்த்தால் மெல்லிய மேலடுக்கு அறுந்துபோம். அதன்பின் முதற்பூச்சு. ஈண்டு அனுபவமற்றோர் பெரிதும் ஏமாறுகின்றனர். வெண்ணிறத்தை நேரே பூசினால், அன்றைக்கு அழகாகவே இருக்கும். சில வாரங்களில் மரத்தின் சாயமும் கணுவின் பிசினும் மஞ்சட் கறையாக மேலே எழும். மேலும் எத்தனை முறை வெண்மை பூசினும் அக்கறை மறையாது. இதனைத் தடுக்கும் பொருள் அரக்கு. நம் தச்சர் மேசை நாற்காலிகளுக்குப் பாலிஷ் போடுவதற்குச் ஸ்பிரிட்டிற் கரைக்கும் அதே அரக்குத்தான். வெண்பொடி கலந்து முதற்பூச்சாக விற்கின்றனர். நம் நாட்டு மரங்களில் வாழும் சிறு பூச்சியின் கசிவே அது. பாண்டவர்க்கு மாளிகையாகிக் கேடு சூழ்ந்த பொருள், கடல் கடந்த நாட்டில் வீட்டுச்சுவரைக் காத்து நிற்பது வியப்பே! ஆயினும் ஈரம் உலரும்வரை அதன் ஆவி எளிதிற் தீப்பற்றும். சன்னல்களைத் திறந்துவைத்து, அடுப்பை அணைத்துவிடல் வேண்டும்.

கோடுகளை மக்கிட்டு நிரப்பிச் சுவரைச் சமமாக்க விரும்புவோரும் உளர். பலகை அசையுந்தோறும் அம்மக்கு விரிசல் விடக்கூடும். கோடுகளை அப்படியே விட்டு ஒரே நிறம் பூசினால் அவை அத்துணைக் கண்ணை உறுத்துவதில்லை. பலகையை முழுதும் பெயர்த்தெறிவதே மேல் என்பாரும் உளர். அங்ஙனம் செய்யுமுன் ஒரு மூலையைத் தளர்த்திப் பின்னே என்ன இருக்கின்றதென்று பார்த்தல் நன்று. சில வீடுகளில் பலகைக்குப் பின் வெறும் மரச்சட்டங்களே நிற்கும். அத்தகைய சுவரில் தீப்பற்றினால் மெல்லிய பலகை விரைவில் எரிந்து தீ பரவும். ஆண்டுப் பலகையை நீக்கி, தீயைத் தாங்கும் ஜிப்சம் பலகை அமைப்பதே தக்கது. பின்னே சாந்துச் சுவர் இருந்து, பலகை பசையால் ஒட்டப்பட்டிருந்தால், பெயர்க்கும்போது சாந்தும் உடன் பெயர்ந்துவரும், செலவு இருமடங்காகும்.

எவ்வகைச் சுவராயினும், அலமாரியின் உட்புறம் போன்ற மறைவான இடத்தில் ஒரு முழம் அளவு பழைய பரப்பைத் தொடாமல் விட்டுவைப்பது நல்ல வழக்கம். பின்னாளில் அவ்வீட்டில் வாழ வருவோர் அக்கதவைத் திறந்து பார்த்து, முதலில் அச்சுவர் எந்நிறத்தில் இருந்ததென்று அறிந்துகொள்வர்.